மருமகனுக்கு: ஐந்தாவது பாட்டிலைத் திறக்காதே

அன்புள்ள மருமகனுக்கு,

நேற்று இரவு நீ அனுப்பிய படம் வந்தது. ஷெட் தரையெல்லாம் பிரேக் ஆயில், நடுவே நான்கு காலி பாட்டில்கள், ஓரத்தில் உன் அம்மாவின் ஒற்றைச் செருப்பு. பிரேக் பைப்புக்குள் சிக்கிய காற்றை நான்கு சக்கரத்திலும் இரண்டு தடவை வெளியே எடுத்தும் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, காலையில் இன்னொரு பாட்டில் வாங்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். போகாதே. வீட்டு வாசலில் காரைத் தூக்கி நிறுத்திவிட்டு விழிப்பவர்கள் வேறு சிலரும் இருப்பார்கள் என்பதால் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

முதலில் ஓர் அவசர வேலை. சிந்திய ஆயில் காரின் பெயின்ட் மேல் பட்டிருந்தால் துடைத்துத் தேய்க்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவு. பேருக்குத்தான் அது ஆயில். தண்ணீரோடு நன்றாகக் கலக்கும், பெயின்ட்டை அரித்துவிடும்.

இனி பெடல். காற்று எடுப்பதை நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைத்த நிலையில் பெடலை நாலைந்து முறை வேகமாக மிதி. மிதிக்க மிதிக்க உயர்ந்து வந்தும் காலுக்கடியில் ஸ்பிரிங் போலத் துள்ளினால் உள்ளே காற்று இருக்கிறது. உயர்ந்து வந்து கல் போல நின்று, சற்று நேரம் விட்டு மிதித்தால் மறுபடியும் முதல் மிதியில் ஆழமாகப் போகிறதா? அது பெரும்பாலும் காற்றல்ல. பின்சக்கர டிரம்முக்குள், அதை உரசி நிறுத்த வேண்டிய பிரேக் ஷூ டிரம்மை விட்டு விலகி நிற்கிறது. அந்த இடைவெளியை நிரப்பவே முதல் மிதி செலவாகிறது. ஹேண்ட் பிரேக்கைச் சில பல் இழுத்து வைத்துவிட்டுப் பெடலை மிதித்துப் பார். அப்போது பெடல் மேலேயே நின்றால் சந்தேகமே வேண்டாம், ஷூவை அட்ஜஸ்ட் செய். ஆயிலை லிட்டர் கணக்கில் வீணாக்குகிறவர்களில் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

அடுத்த சோதனை: பெடலை ஒரே அழுத்தமாக அரை நிமிடம் மிதித்துப் பிடி. அது மெதுவாகத் தரையை நோக்கி இறங்கிக்கொண்டே போய், வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால், பெடலை மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்திருக்கிறது, அல்லது கிழிந்திருக்கிறது. சொல்ல வருத்தமாக இருக்கிறது, அதைக் கிழித்தது நீயாகவே இருக்கலாம். இத்தனை வருடம் அந்தக் கப் மாட்டிய பிஸ்டன் சிலிண்டரின் முதல் பாதியில் மட்டும்தான் ஓடியிருக்கும். மறுபாதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். காற்று எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால் கப் அந்தக் கரட்டுப் பகுதிக்குள் போய் வருகிறது. பழைய காரில் காற்று எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட வேண்டும். இதை முன்பே உனக்குச் சொல்லாதது என் தவறு.

சரி, காற்றுதான் என்று வைத்துக்கொள்வோம். ஆயிலை அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். அதனால் சின்னக் குமிழி ஒன்று போதும், உன் கால் பலத்தை அது விழுங்கிவிடும். அது எங்கிருந்து வந்தது?

இடையில் ஒரு தடவை மாஸ்டர் சிலிண்டருக்கு மேலிருக்கும் ஆயில் டப்பா காலியானதை நீ எழுதவில்லை. உன் அம்மா சொன்னாள். டப்பா வற்றினால் காற்று மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே புகுந்துவிடும். அதன் பிறகு சக்கரத்தில் மட்டும் எடுப்பது பல நேரம் போதாது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் பைப்பின் நட்டைச் சற்றே தளர்த்தி, அடியில் துணி வைத்து, அங்கேயே காற்றை வெளியேற்றிவிட்டு, சக்கரங்களை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நீயும் உன் அம்மாவும் போடும் கூச்சல்தான் என் அடுத்த சந்தேகம். "மிதி" என்கிறாய், அவள் மிதிக்கிறாள். காற்று வெளியேறும் சிறு திருகான நிப்பிளைத் திறக்கிறாய், பெடல் இறங்குகிறது. நீ மூடுவதற்குள் அவள் காலை எடுத்துவிட்டால், வெளியே போன காற்று அதே வழியாகத் திரும்பி வந்துவிடும். நிப்பிளை மூடிய பிறகு நீ "விடு" என்று சொன்னால்தான் விட வேண்டும். அக்காவுக்குப் பொறுமை கிடையாது, சிறுவயதிலிருந்தே அப்படித்தான். நிப்பிளில் மாட்டிய டியூபின் மறுமுனை ஆயிலுக்குள் மூழ்கியிருந்தால் பாதிப் பிழை தப்பும். கைப் பம்ப் வைத்து உறிஞ்சுகிறாய் என்றால் டியூபில் தெரியும் குமிழிகளை நம்பாதே. தளர்த்திய நிப்பிளின் மரையைச் சுற்றி வெளிக்காற்றும் உள்ளே வரும். எத்தனை பாட்டில் ஊற்றினாலும் அந்தக் குமிழி நிற்காது.

இதற்கெல்லாம் முன்பு, நாளை காலை எழுந்ததும் ஒரு காரியம் செய். முன்சக்கரங்களைக் கழற்றி, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரில் நிப்பிள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார். சீல் மாற்ற இரண்டு காலிபரையும் ஒரே நேரத்தில் கழற்றியதாகச் சொன்னாய். நானும் ஒருமுறை அப்படித்தான் கழற்றினேன். திரும்ப மாட்டியபோது இடதை வலத்திலும் வலதை இடத்திலும் மாட்டிவிட்டேன். எல்லா போல்ட்டும் அழகாகப் பொருந்தியது. நிப்பிள் மட்டும் கீழே போய்விட்டது. கீழே இருக்கும் நிப்பிள் வழியாக மேலே தங்கிய காற்று எப்படி வரும்? மூன்று மாலைகள் மிதித்தோம். உன் அத்தை நான்காம் நாள் மிதிக்க மறுத்துவிட்டாள். வேறு எதற்கோ போனைத் துழாவியபோது, கழற்றுவதற்கு முன் எடுத்த படம் கண்ணில் பட்டது. அதில் நிப்பிள் மேலே இருந்தது. இடம் மாற்றி மாட்டினேன், கால் மணி நேரத்தில் பெடல் மேலேயே கெட்டியாக நின்றுவிட்டது.

பின்சக்கரத்தில் ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்றாயே, அதற்குக் காரணம் அடைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பின் அச்சோடு ஒரு கம்பியாலோ ஸ்பிரிங்காலோ இணைத்த வால்வு இருக்கிறதா என்று குனிந்து பார். பின்னால் எவ்வளவு பாரம் என்பதைப் பொறுத்து பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு அது. சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கினால் பாரமே இல்லை என்று நினைத்துக்கொண்டு வழியைக் குறுக்கிவிடும். ஸ்டாண்டுகளை அச்சுக்கு அடியில் வைத்து, சஸ்பென்ஷன் வண்டியின் பாரத்தைத் தாங்கும்படி செய். நம் காரில் ஏபிஎஸ், அதாவது பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, இல்லாதது நல்லதாயிற்று. அதன் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால், ஸ்கேனரை மாட்டி அதை இயக்கித்தான் எடுக்க முடிகிற கார்கள் உண்டு.

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதற்கு வண்டியின் கையேட்டைப் பார். தூரத்துச் சக்கரம் முதலில் என்ற விதி எல்லாக் காருக்கும் பொருந்தாது.

ஆயில் டப்பாவின் மூடியில் எந்த டாட் எண் (பிரேக் ஆயிலின் தர எண்) அச்சிட்டிருக்கிறதோ அதையே வாங்கு. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230. ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச இந்த எண் சரியும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அளந்தால் தேவைப்படும் அளவு முறையே 140, 155 மட்டுமே. போன மழைக்காலத்தில் திறந்து வைத்த பாட்டில் அலமாரியில் இருந்தால் தூக்கிப் போடு. டியூபில் பிடித்த ஆயில் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் டப்பாவில் திரும்ப ஊற்றாதே. டாட் 5 சிலிக்கான் வகை, நம் காருக்கு ஆகாது. டாட் 5.1 வேறு, பெயர்தான் குழப்புகிறது.

பெடல் மேலேயே கெட்டியாக நிற்கும்வரை கார் கேட்டைத் தாண்டக் கூடாது. நின்ற பிறகும் முதலில் ஷெட்டுக்கும் கேட்டுக்கும் இடையே, நடக்கிற வேகத்தில், ஹேண்ட் பிரேக்கில் கை வைத்தபடி ஓட்டிப் பார்.

நாளை நிப்பிளைப் படம் எடுத்து அனுப்பு. அரை நிமிடம் மிதித்துப் பிடித்தபோது பெடல் இறங்கியதா, நின்றதா என்பதையும் எழுது. இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் கிட் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். அக்காவிடம் மீன் குழம்பு வைக்கச் சொல், பெடல் மிதிக்க உன் அத்தையை அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
மாமா