மறுபடியும் அதே பத்துப் படங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் சினிமா பக்கத்தில், மனசு சரியில்லாதபோது பார்க்க வேண்டிய உலகப் படங்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது பெயருக்கு வரும்போதே மீதியெல்லாம் என்னவாக இருக்கும் என்று தெரிந்துவிட்டது. 'ஃபாரஸ்ட் கம்ப்', 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்', 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' என்று வழக்கமான வரிசை. எல்லாமே நல்ல படங்கள், மறுக்கவில்லை. ஆனால் உலக சினிமா பற்றிய பக்கத்தைத் தேடிப் படிக்கிறவர்களில் இவற்றைப் பார்க்காதவர் எத்தனை பேர் இருப்பார்கள்? அதிலும் 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' படத்தில் கடைசியில் அந்த அப்பாவைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். ஏற்கெனவே நொந்துபோயிருக்கிற ஒருவரிடம் அதைப் போய்ப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சென்ற ஆண்டு கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டிலோடு கிடந்தேன். வேறு வேலை இல்லை, அதனால் யாரும் அதிகம் பேசாத படங்களாகத் தேடித் தேடிப் பார்த்தேன். அதில் ஒன்றைக் கவனித்தேன். என்னை நிஜமாகவே தேற்றிய படங்களில் எல்லாம் யாரோ ஒருவருக்கு மிகச் சின்னதாக ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. ஒரு மேட்ச் பார்க்க வேண்டும், அண்ணனைப் பார்க்க வேண்டும், ஒரு போன் வர வேண்டும், அவ்வளவுதான். படம் அதைக் கிண்டல் செய்யாமல், உலகத்தில் இதைவிட முக்கியமான காரியம் இல்லை என்பதுபோல் கூடவே நடந்துபோகிறது.

முதலில் 'தி பேண்ட்ஸ் விசிட்' பற்றிச் சொல்லிவிடுகிறேன். இஸ்ரேலிய இயக்குநர் எரான் கோலிரின் 2007இல் எடுத்தது. இது ஒன்றும் பெரிய விஷயமில்லை, பலருக்கும் ஞாபகம்கூட இருக்காது என்கிற மாதிரி ஒரு குறிப்போடுதான் படமே தொடங்கும். எகிப்தின் அலெக்ஸாந்திரியாவிலிருந்து ஒரு போலீஸ் வாத்தியக் குழு, வெளிர் நீலச் சீருடையில் விறைப்பாக, இஸ்ரேலில் ஒரு விழாவில் வாசிக்க வந்து இறங்குகிறது. அழைத்துப்போக ஆள் வரவில்லை. சரி, பஸ்ஸில் போய்விடலாம் என்று டிக்கெட் கேட்கிறார்கள். அங்கேதான் வினை. அரபியில் 'பட்டம்' என்பதில் வருகிற ப கிடையாது, 'கம்பம்' என்பதில் வருகிற ப மட்டும்தான் உண்டு. அதனால் பெத்தா திக்வா என்ற நகரத்தைக் கேட்கப்போய், பேத் ஹத்திக்வா என்ற, பாலைவனத்து நடுவே இருக்கிற ஒரு தூங்குமூஞ்சி ஊரில் போய் இறங்கிவிடுகிறார்கள். இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற நமக்கு இந்த நகைச்சுவையை யாரும் விளக்க வேண்டியதில்லை!

மறுநாள்தான் அடுத்த பஸ். ஓர் இரவு அந்த ஊர்க்காரர்களின் வீடுகளில் தங்குகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஸ்கேட்டிங் தளத்தில் ஒரு காட்சி வரும். பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்றே தெரியாத உள்ளூர்ப் பையன் ஒருவன், அழுதுகொண்டிருக்கிற பெண்ணின் பக்கத்தில் மரம்போல உட்கார்ந்திருக்கிறான். வாத்தியக் குழுவின் இளைஞன் அவனுக்கு மறுபக்கம் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், தான் அவனுக்குச் செய்வதை அவன் அவளுக்குச் செய்யும்படி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்கிறான். நான் அந்தக் காட்சியை நான்கு முறை திருப்பிப் பார்த்தேன். இன்னொரு ஊர்க்காரன், காதலி கூப்பிடுவாள் என்று ராத்திரி முழுக்கப் பொதுத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே நிற்கிறான். இந்தப் படத்தை ஆஸ்கரின் அயல்மொழிப் பிரிவில் சேர்த்துக்கொள்ளவில்லை, பாதிக்கு மேல் ஆங்கிலம் பேசுகிறார்களாம். அரபிக்காரரும் ஹீப்ரு பேசுகிறவரும் எதிரெதிரே உட்கார்ந்தால், இரண்டு பேருக்குமே சரியாக வராத ஆங்கிலத்தில்தானே பேசியாக வேண்டும்? படத்தின் அழகே அந்த உடைந்த ஆங்கிலம்தான். விதி போட்டவர்களுக்கு அது புரியவில்லை.

பேச்சே இல்லாமல் நட்பு வளர்கிற படம் வேண்டுமென்றால் நார்வேயின் 'கிச்சன் ஸ்டோரீஸ்' இருக்கிறது. பெந்த் ஹாமர் இயக்கி 2003இல் வந்தது. 1950களில் ஸ்வீடனில் ஓர் ஆராய்ச்சி நிலையம், வீட்டுப் பெண்கள் சமையலறையில் எங்கிருந்து எங்கே எத்தனை அடி நடக்கிறார்கள் என்று கணக்கெடுத்து முடித்துவிட்டு, அடுத்ததாக நார்வேயில் தனியாக வாழும் ஆண்களை ஆராய ஆட்களை அனுப்புகிறது. ஆராய்ச்சியாளர் சமையலறை மூலையில், டென்னிஸ் நடுவர் உட்காருவதுபோன்ற உயரமான நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். வீட்டுக்காரரோடு பேசக் கூடாது என்பது கண்டிப்பான விதி. வீட்டுக்காரர் ஈசாக், ஒரு குதிரை கிடைக்கும் என்று நம்பி இதற்குச் சம்மதித்த கிழவர். வந்ததோ வர்ணம் பூசிய மரக்குதிரை. கடுப்பாகாமல் என்ன செய்வார்? மாடிக்குப் போய்ச் சமைக்கிறார், அதோடு விடாமல் கூரையில் ஒரு துளை போட்டு, தன்னை வேவு பார்க்க வந்தவரை இவர் வேவு பார்க்கிறார். அப்புறம் அந்த விதி என்ன ஆகிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உரக்கச் சிரிக்க வைக்கிற படம் இல்லை இது. ஆனால் படம் முடிந்த பிறகும் முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டே இருந்தது.

அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்ச் என்றாலே தலை சுற்றும், இருட்டான படங்கள்தான் பலருக்கு ஞாபகம் வரும். அவர்தான் 1999இல் 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி' எடுத்தார், அதுவும் டிஸ்னி வெளியிட்ட படம். 1994இல் உண்மையில் நடந்தது. ஆல்வின் ஸ்ட்ரெய்ட் என்ற 73 வயது முதியவருக்குப் பார்வை மங்கல், கார் ஓட்ட உரிமம் இல்லை. பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனுக்குப் பக்கவாதம் என்று செய்தி வருகிறது. புல்வெட்டும் இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, அயோவாவிலிருந்து விஸ்கான்சின் வரை ஏறக்குறைய 240 மைல் போகிறார். முதல் அரை மணி நேரம் பொறுமை வேண்டும், அதை மறைக்க மாட்டேன். அந்த வண்டியின் வேகத்துக்கு நம் மூச்சு பழகிவிட்டால் போதும், பிறகு படம் பார்த்துக்கொள்ளும். நடித்த ரிச்சர்ட் ஃபார்ன்ஸ்வொர்த்துக்கு 79 வயதில் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அவர் அப்போது புற்றுநோயோடு நடித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் படம் பார்த்த பிறகுதான் தெரியும். முன்பே தெரியாமல் இருந்ததும் நல்லதுதான்.

பூட்டானியப் படங்கள் இரண்டு. 'தி கப்' (1999) படத்தில் இளம் பௌத்த பிக்குகளுக்கு 1998 உலகக் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டியை எப்படியாவது மடாலயத்துக்குள்ளேயே டிவியில் பார்த்தாக வேண்டும். இயக்குநர் கென்ட்சே நோர்புவே ஒரு லாமா, அதாவது திபெத்திய பௌத்த குரு, நடித்தவர்களும் நிஜ பிக்குகள், அதனால்தான் அந்தக் குறும்பு அவ்வளவு இயல்பாக இருக்கிறது. இன்னொன்று 'லுனானா', 2019இல் வந்து ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பாடகராகிவிட வேண்டும் என்று துடிக்கிற ஓர் இளம் ஆசிரியரை மலை உச்சியில் இருக்கிற பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். 'சி ஃபார் கார்' என்று பாடம் எடுக்கிறார். குழந்தைகள் திருதிருவென்று விழிக்கிறார்கள், காரையே பார்த்ததில்லை. மின்சாரம் இல்லாத அந்த ஊரில் சூரிய சக்தி பேட்டரிகளை வைத்துத்தான் முழுப் படத்தையும் எடுத்தார்களாம்.

1983இல் வந்த ஸ்காட்லாந்துப் படம் 'லோக்கல் ஹீரோ'வைச் சொல்லாமல் விட மனமில்லை. எண்ணெய் நிறுவனம் ஒரு கடலோர கிராமத்தை விலைக்கு வாங்க ஆள் அனுப்புகிறது என்றதும், மக்கள் கொதித்தெழுந்து போராடுவார்கள் என்றுதானே நினைப்போம்? இங்கே ஊரே விற்கத் தயார், விலையை ஏற்றத்தான் தயங்குவதுபோல நடிக்கிறது! ஒரே ஒரு ஆள் மட்டும் மசியவில்லை, கடற்கரை அவருடையது. இதிலும் ஒரு தொலைபேசிப் பெட்டி உண்டு. அந்தப் பெட்டியைப் பார்க்கவே படம் எடுத்த பென்னன் கிராமத்துக்கு இன்றும் ஆட்கள் போகிறார்கள்.

'பிரெட் அண்ட் டியூலிப்ஸ்' என்ற இத்தாலியப் படம் (2000) எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. சுற்றுலாப் பேருந்து வழியில் நின்றபோது இறங்கிய ஒரு பெண்ணை, அவள் இல்லாததையே கவனிக்காமல் கணவனும் பிள்ளைகளும் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், அவள் வீடு திரும்பாமல் வெனிஸுக்குப் போய்விடுகிறாள். என் மனைவிக்கு இந்தப் பட்டியலிலேயே இதுதான் பிடித்தது. காரணம் கேட்டேன், பதில் வரவில்லை, ஒரு பார்வைதான் வந்தது.

ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த முறை பட்டியல் போடும்போது நட்சத்திர மதிப்பெண் கொடுக்கிற இடத்தில், படம் என்ன மொழி, எவ்வளவு நேரம் ஓடும், சப்டைட்டில் எந்தெந்த மொழியில் கிடைக்கிறது, குழந்தைகளோடும் வயதானவர்களோடும் உட்கார்ந்து பார்க்கலாமா என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். ஆங்கில சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்குப் படிக்க முடியாமல் பாதியில் எழுந்துபோகிறவர்கள் எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். 'கிச்சன் ஸ்டோரீஸ்' படத்தை மட்டும் அவர்கள் முழுதாகப் பார்த்தார்கள், அதில் படிக்கவே அதிகம் இல்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்