சித்திரை முதல் ஞாயிறுக்கு நீ வர வேண்டும்

அன்புள்ள சுந்தரம்,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதாதது என் தவறு. இங்கே அனைவரும் நலம். உன் வீட்டிலும் அப்படியே என்று நம்புகிறேன். மாடசாமி அண்ணனின் பம்புசெட் கிணற்றில் மூழ்கி, யார் கடைசியாக மேலே வருவது என்று நாம் போட்டியிட்ட நாட்கள் ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை. அதற்குக் காரணம் அக்கா.

முழங்கால் தேய்மானத்தால் நான்கு வருடங்களாக அரைமண்டியில் (முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி நிற்கும் பரதநாட்டிய நிலை) அமர முடியாமல் நாற்காலியிலிருந்தே நாட்டியப் பாடம் சொல்லித் தந்த அக்கா, மருத்துவர் சொன்னபடி நீச்சல் குளத்தில் கழுத்தளவு நீரில் நடக்கத் தொடங்கிய மூன்றாம் நாள், யாருக்கும் சொல்லாமல் அரைமண்டியில் இறங்கிப் பார்த்திருக்கிறாள். அந்த ஆழத்தில் உடலின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைத்தான் கால்கள் சுமக்கின்றன. ‘வலிக்கவே இல்லைடா’ என்று அவள் தொலைபேசியில் அழுதபோதே, நீருக்கடியில் அவளைப் படம் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு மாதங்களாக அதற்கான ஆயத்தம்தான் நடக்கிறது. கேமராவின் நீர்புகாப் பெட்டியை முதலில் உள்ளே வெறும் காகிதத்தை வைத்து மூழ்கடித்துச் சோதித்தேன். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு முடி சிக்கியிருந்தாலும் நீர் புகுந்துவிடும். நீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்குகிறது. வெயில் அவளை அடையவும், அங்கிருந்து கேமராவுக்கு வரவும் நீருக்குள் கடக்கும் தூரம் முழுவதும் கணக்கில் சேர்வதால், அகலக் கோண லென்சைப் போட்டுக்கொண்டு ஒரு கை தூரத்துக்கு நெருங்கிவிட வேண்டும். சித்திரைத் தொடக்கத்தில் நம் திருநெல்வேலியில் சூரியன் உச்சிப்பொழுதில் ஏறக்குறைய நேர் மேலே நிற்கும் என்பதால்தான் அந்த ஞாயிறைத் தேர்ந்தெடுத்தேன். நீர்ப்பரப்பு அசையாதிருந்தால், கீழிருந்து சாய்வாகப் பார்க்கும்போது அது கண்ணாடியாகி அவள் உருவத்தைத் தலைகீழாகக் காட்டும். கீழே ஒரு அக்கா, மேலே ஒரு அக்கா, நடுவில் விரிந்த முந்தானை: அந்த ஒரு படத்துக்காகவே நான் காத்திருக்கிறேன்.

அவளுடைய அரங்கேற்றப் பட்டு நனைந்ததும் கல்லாகக் கனத்தது. ஷிபான் நீரில் புகைபோல மிதந்து விரிகிறது. ஆனால் ஆறு கஜம் காலைச் சுற்றினால் ஆபத்து என்பதால் மூன்று கஜமாக வெட்டி, ஒரே இழுப்பில் கழன்றுவிடும்படி தைக்கச் சொன்னேன். சலங்கை வேண்டாம் என்றபோது இரண்டு நாட்கள் அவள் என்னோடு பேசவில்லை. இதையெல்லாம் விடக் கடினமானது கண். கை போகும் வழியில் கண் போக வேண்டும் என்று முப்பது வருடம் சொல்லிக்கொடுத்தவளுக்கு, நீருக்குள் கண்ணைத் திறந்தால் தன் கையே கலங்கலாகத்தான் தெரிகிறது. கை இருக்கும் இடத்தை மனத்தால் அறிந்து பார்வையை அங்கே நிறுத்தப் பழகுகிறாள். அதைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இப்போது என் கவலையைச் சொல்கிறேன். சென்ற ஞாயிறு, குளத்துக்கு வரும் ஒருவர் சொன்னார் என்று, அக்கா வேகவேகமாகப் பலமுறை மூச்சை இழுத்துவிட்டு மூழ்கினாள். எழுபது நொடி கழித்து மேலே வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. நான் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. சற்று நேரத்தில் தெளிந்து சிரித்தாள். எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பை முக்கியமாக உண்டாக்குவது உடலில் சேரும் கரியமில வாயு. அதை முன்னதாகவே வெளியேற்றிவிட்டால், பிராணவாயு தீர்ந்துபோனாலும் தவிப்பு வராது. எந்த முன்னறிவிப்பும் இன்றி நீருக்குள்ளேயே மயக்கம் வந்துவிடும். சுந்தரம், கிணற்றில் நாமும் அதைத்தானே செய்தோம்? நாம் பிழைத்து வந்ததை இன்று நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

1899-இல் பிரான்சின் பான்யூல்ஸ் கடலில் லூயி பூத்தான் தன் சக உயிரியலாளர் எமில் ராக்கோவித்சாவை நீருக்கடியில் படம் எடுத்தார். ராக்கோவித்சா மூழ்குடை அணிந்து நின்றார். அவருக்குக் காற்று இருந்தது. அக்காவிடம் இருப்பது ஒரே ஒரு மூச்சு. கீழே இறங்கி நிற்க அதிலும் கொஞ்சத்தை விட்டுவிட வேண்டும். ஆகவே ஒரு முறைக்குப் பதினைந்து நொடி, அதன்பின் குறைந்தது இரண்டு நிமிட ஓய்வு, இறங்குமுன் இயல்பான மூச்சு மட்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் கேமராவுக்குள் கண்ணை வைத்தபின் நான் அவளுடைய உருவத்தைத்தான் பார்ப்பேன், உயிரைப் பார்க்கமாட்டேன். ஆகவே கையெட்டும் தூரத்தில் நீருக்குள் நின்று அவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். நம் கூட்டத்தில் உன்னைப்போல் நீந்துகிறவன் யாரும் இல்லை. நீ இருந்தால் அக்காவும் அடம் பிடிக்கமாட்டாள். சனி மாலையே வந்துவிடு. முதலில் நாம் இருவரும் குளத்தில் இறங்கி, மயங்கியவரைத் தூக்குவதுபோல் அவளை மேலே கொண்டுவந்து பழகிக்கொள்ள வேண்டும். உன்னால் வர முடியாது என்றால் உடனே எழுது. நாளைத் தள்ளி வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
முருகேசன்