விசாலத்துக்கு, புதுக் கண்ணோடு

திருச்சி
18.8.2024

அன்புள்ள விசாலம்,

உன் கடிதம் வந்து இருபது நாளுக்கு மேல் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, கண். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. ஆடியில் வேண்டாம் என்று நாத்தனார் தடுத்துப் பார்த்தாள். டாக்டருக்கு ஆடியும் ஆவணியும் ஒன்றுதானே, செய்துவிட்டார்.

கட்டு அவிழ்த்த மறுநாள் வாசல் வேலியில் படர்ந்திருக்கிற சங்குப்பூவைப் பார்த்தேன். பத்து வருஷமாகப் பார்க்கிற பூதான். இடது கண்ணை மூடிக்கொண்டால் கண்ணைப் பறிக்கிற நீலம். வலது கண்ணை மூடினால் அதே பூ பழுப்பேறின வேட்டி மாதிரி மங்கி நிற்கிறது. புரை மஞ்சளாகிப் போய் நீலத்தை உள்ளே விடாமல் இத்தனை நாள் தடுத்திருக்கிறது. மாற்றி மாற்றிக் கண்ணை மூடித் திறந்துகொண்டு நின்றேன். பால்காரர் என்ன நினைத்தாரோ, சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

குனியாதே, தலைக்குக் குளிக்காதே, அடுப்படிப் பக்கம் போகாதே, படித்துக் கண்ணுக்கு வேலை வைக்காதே என்று ஒரே கட்டளைகள். பையன்தான் டிவியில் யூடியூப் வைத்துக் கொடுத்தான். போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாயே, "விஞ்ஞானிகள் வாழ்க்கையில் படம் எடுக்க என்னடி இருக்கிறது? மேஜை, நாற்காலி, கரும்பலகை, அவ்வளவுதானே" என்று. முப்பது வருஷம் வரலாறு நடத்தினவளுக்குப் போரும் சூழ்ச்சியும் இல்லாவிட்டால் உப்புச் சப்பில்லாமல்தான் இருக்கும். சரி, உனக்குப் பதில் சொல்வதற்காகவே ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் பார்த்தது ரிச்சர்ட் ஃபைன்மன் பற்றி 1981-இல் பிபிசி எடுத்த படம். நீ சொன்னது பாதி உண்மை, அதில் மேஜைகூட இல்லை. ஒரு மனிதர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஐம்பது நிமிஷம் பேசுகிறார். இயற்பியலில் நோபல் பரிசு வாங்கின ஆள், ஆனால் டீக்கடை பெஞ்சில் பேசுகிற மாதிரிப் பேச்சு. எடுத்த எடுப்பிலேயே ஒரு பூ வருகிறது. பூவைப் பிய்த்துப் பார்க்கிற உங்களுக்கு அதன் அழகு தெரியாது என்று ஓவியர் நண்பர் ஒருவர் சொன்னாராம். எனக்கும் அழகு தெரிகிறது, அதோடு கூடுதலாக ஒன்றும் தெரிகிறது என்கிறார் இவர். பூச்சியை வரவழைக்கத்தான் பூவுக்கு நிறம் என்றால் பூச்சிக்கும் நிறம் தெரிகிறது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் அழகு என்கிற உணர்வு அதற்கும் உண்டா? காலையில் சங்குப்பூ முன்னால் நின்றுவிட்டு மத்தியானம் இதைக் கேட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

அப்பாவைப் பற்றி அவர் சொல்கிற இடத்தை மட்டும் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். ஒரு பறவையின் பெயரை உலகத்து மொழிகளில் எல்லாம் தெரிந்துகொண்டாலும் பறவையைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொண்டதாகாது, அது என்ன செய்கிறது என்று பார் என்பாராம் அப்பா. அவர் சீருடை வியாபாரம் செய்தவர். அதனால் சீருடைக்கு உள்ளேயும் வெளியேயும் இருப்பது ஒரே ஆள்தான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியுமாம். மகனுக்குப் பட்டம் பதவி என்றாலே ஏன் அலர்ஜி என்பது அங்கே விளங்கிவிடுகிறது.

1983-இல் எடுத்த இன்னொன்றில், இரண்டு காந்தங்கள் ஏன் ஒன்றையொன்று தள்ளுகின்றன என்று கேட்கிறார்கள். ஃபைன்மன் பதில் சொல்லாமல் கேள்வியையே பிடித்துக்கொள்கிறார். உதாரணத்துக்கு, மின்னி அத்தை ஏன் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்கிறார். பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள். நமக்கு அது போதும், வேற்றுக்கிரகத்து ஆளுக்குப் போதுமா? பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்பான். இப்படியே ஏழெட்டு நிமிஷம். என் வகுப்பில் ஒரு பையன் "மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் டீச்சர் பிளஸ்?" என்று கேட்டபோது, விதி அப்படி, உட்கார் என்று அதட்டினேன். முகம் சுருங்கி உட்கார்ந்தான். அவன் இப்போது எங்கே இருக்கிறானோ.

இனி உன் பாடத்துக்கு வருகிறேன். போன வருஷம் பேரனோடு தியேட்டரில் அணுகுண்டு வேலைக்குத் தலைமை வகித்த விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் பற்றின படம் பார்த்துவிட்டுச் சத்தம் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய் அல்லவா? ஜான் எல்ஸ் எடுத்த 'தி டே ஆஃப்டர் டிரினிட்டி' என்ற பழைய ஆவணப்படத்தைப் பார். அதில் நடிகர்கள் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் லாஸ் அலமோஸில் அணுகுண்டு செய்தவர்களே வயதான முகத்தோடு வந்து உட்கார்ந்து சொல்கிறார்கள். ஓப்பன்ஹைமரின் தம்பி ஃபிராங்கும் வருகிறார். 1945 ஜூலை 16 விடியற்காலை சோதனையின்போது அண்ணன் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தவர். குண்டு வெடித்ததும் என்ன பேசிக்கொண்டீர்கள் என்றால், வேலை செய்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்போம் என்கிறார்.

'இப்போது நான் மரணமாகிவிட்டேன், உலகங்களை அழிப்பவன்' என்று உலகமே மேற்கோள் காட்டுகிற கீதை வரி, ஓப்பன்ஹைமர் 1965-இல் டிவியில் சொன்னது. கன்னம் ஒட்டி, கண் கலங்கிச் சொல்கிற அந்தத் துண்டுப் படத்தை நீயும் பார்த்திருப்பாய். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ரைடரிடம் சமஸ்கிருதம் படித்தவர் அவர். மூலத்தில் இருப்பது 'காலோஸ்மி', அதாவது 'நான் காலம்', இவர் ஆங்கிலத்தில் 'மரணம்' என்கிறார். தப்பான மொழிபெயர்ப்பு என்று சண்டை போடுகிறார்கள். காலம், காலன் இரண்டும் வைத்திருக்கிற நமக்கு அதில் என்ன சண்டை?

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதே ஆவணப்படத்தில் வருகிற ராபர்ட் வில்சன். லாஸ் அலமோஸில் சைக்ளோட்ரான் என்கிற, அணுத்துகளை வேகமாக ஓடவிடும் யந்திரத்தின் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். ஹிட்லர் முந்திக்கொள்வானோ என்ற பயத்தில்தான் எல்லோரும் அந்த வேலைக்குப் போனார்கள். 1945 மே 8-ஆம் தேதி ஐரோப்பாவில் போர் முடிந்துவிட்டது. ஜெர்மனி தோற்றதும் நான் ஏன் விட்டுவிட்டு வரவில்லை, எனக்கே புரியவில்லை என்கிறார் வில்சன். முடுக்கிவிட்ட யந்திரம் மாதிரி வேலை செய்துகொண்டே இருந்தோம் என்கிறார். மே 8-லிருந்து ஜூலை 16 வரை கணக்குப் போட்டேன், 69 நாள்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது, இதையேதான் ஃபைன்மனும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார், அவரும் அந்தக் குண்டு வேலையில் இருந்தவர்தானே! தொடங்கின காரணம் போன பிறகும் தொடரலாமா என்று யோசிக்கவே இல்லை, அதுதான் நான் செய்த தப்பு என்று. ஹிரோஷிமா செய்தி வந்தபோது கொண்டாடினார்களாம். அப்புறம் நியூயார்க்கில் அம்மாவோடு ஓட்டலில் உட்கார்ந்து, 34-வது தெருவில் ஒரு குண்டு விழுந்தால் இங்கேவரை எல்லோரும் போய்விடுவார்களே என்று மனசுக்குள் அளந்தாராம். இரண்டு பேர், இரண்டு படம், ஒரே ஒப்புதல். புத்தகத்தில் இது ஒரு வரி. படத்தில் அந்த வரி வருவதற்கு முன்னால் அவர்கள் முகம் என்ன ஆகிறது என்று பார்க்க முடிகிறது. விசாலம், இதைவிடப் பெரிய வரலாற்று ஆவணம் எது சொல்?

கணக்கு டீச்சர் ஒரு கணக்குப் படம் சொல்லாமல் விடுவேனா? ஆண்ட்ரூ வைல்ஸ் என்கிற கணித மேதை பற்றி 1996-இல் பிபிசி எடுத்தது. இரண்டு வர்க்கங்களைக் கூட்டி இன்னொரு வர்க்கம் வரலாம், பிதாகரஸ் சொன்னதுதான். கனத்திலோ அதற்கு மேலோ முழு எண்களில் அப்படி வராது என்று 1637 வாக்கில் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதை புத்தக ஓரத்தில் எழுதிவைத்தார். 350 வருஷத்துக்கு மேல் யாராலும் நிரூபிக்க முடியவில்லை. பத்து வயதில் நூலகத்தில் இதைப் படித்த வைல்ஸ், பெரியவரானதும் ஏழு வருஷம் யாருக்கும் தெரியாமல் உழைத்து 1993 ஜூனில் அறிவித்தார். அப்புறம் பார்த்தால் அதில் ஒரு ஓட்டை. 1994 செப்டம்பரில்தான் அடைபட்டது. அந்தக் காலையைச் சொல்லத் தொடங்கும்போது குரல் அடைத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கேமராக்காரர் அசையவில்லை. படமே அங்கிருந்துதான் தொடங்குகிறது. நானும் அழுதேன். ஆபரேஷன் கண்ணில் தண்ணீர் பார்த்து மருமகள் பதறிப்போய் டாக்டருக்குப் போன் போடப் போய்விட்டாள்.

புதிதாக வருகிற சில படங்களையும் பார்த்தேன். ட்ரோன் பறக்கிறது, இடைவிடாமல் வயலின் அழுகிறது, விஞ்ஞானி வாயைத் திறந்தால் அதற்குள் அடுத்த காட்சி. பாதியில் நிறுத்திவிட்டேன்.

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? பேத்தி இயற்பியலில் சேர்ந்தது சந்தோஷம், ஃபைன்மன் காந்தம் பற்றிப் பேசுகிற அந்தப் படத்தை அவளுக்குப் போட்டுக் காட்டு. இடது கண்ணுக்கு ஐப்பசியில் நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போ, ஓப்பன்ஹைமரை உன்னோடு இன்னொரு தடவை பார்க்க வேண்டும். சொட்டு மருந்து போட மருமகள் கூப்பிடுகிறாள். போட்டால் அரை மணி நேரம் எல்லாம் மங்கல்தான், அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

அன்புடன்,
லலிதா