உன் செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டுகள்

மாப்ளே,

புது வீட்டுப் படங்கள் எல்லாம் பார்த்தேன். தங்கச்சிக்கு அடுக்களை பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், அதுவே பாதி நிம்மதி. இங்கே அம்மா முழங்கால் வலி குறைந்து வாசல் வரை தானே நடக்கிறார். பெரியவனுக்கு வேலை மாற்றம் வரும்போல் இருக்கிறது, வந்தால் சொல்கிறேன்.

சரி, உன் செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டுகளை மூன்று படம் எடுத்து அனுப்பி எது எந்த வகை என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். முதல் படத்தில் இருப்பது ஊதாப்பிட்டு தேன்சிட்டு, ஆண். முதுகு அரக்கு, வயிறு மஞ்சள், பக்கவாட்டில் வெள்ளை, தோளில் ஒரு துளி பச்சை, அதில் சந்தேகமே வேண்டாம். இரண்டாவதில் முழுக்கக் கருப்பாக நிற்கிறதே, அதுதான் சிக்கல். ஊதாத் தேன்சிட்டும் லோட்டன் தேன்சிட்டும் நிழலில் ஒரே கருப்புதான், ஏனென்றால் அந்தப் பளபளப்பு சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் வருவது, வெயில் விழாவிட்டால் நிறமே இல்லை. அதனால் நிறத்தை விட்டுவிட்டு அலகைப் பார். லோட்டனுக்கு அலகு கண்ணில் குத்துகிற மாதிரி நீளம், நன்றாக வளைந்தும் இருக்கும். வயிறும் மினுங்காது, மங்கிய பழுப்பாகத் தெரியும். உன் படத்தில் அலகு குட்டை, அதனால் ஊதாத் தேன்சிட்டு என்றுதான் சொல்வேன். (லோட்டன் என்பது 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்தவர் பெயர்.)

மூன்றாவது படத்தைக் குஞ்சு என்று எழுதியிருக்கிறாய். இல்லை, அதுவும் ஊதாத் தேன்சிட்டு ஆண்தான். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் மினுமினுப்பை உதிர்த்துவிட்டுப் பெட்டை மாதிரி ஆகிவிடும், தொண்டையிலிருந்து வயிறு வரை நடுவில் மட்டும், மஞ்சள் சட்டையில் மை வழிந்தது போல், ஒரு கருங்கோடு மிஞ்சும். ஊதாப்பிட்டு ஆணுக்கு இந்த வேஷ மாற்றம் கிடையாது, வருஷம் முழுக்க அதே உடுப்பு.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. எல்லாரும் ஆணையே படம் எடுக்கிறார்கள், பெட்டையை யாரும் சட்டை செய்வதில்லை. கூடு கட்டுகிறவளே அவள்தான். அடையாளமும் கஷ்டமில்லை, தொண்டையைப் பார்த்தால் போதும். தொண்டை சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்து அதற்குக் கீழே மஞ்சள் தொடங்கினால் ஊதாப்பிட்டு. தொண்டையிலிருந்தே மஞ்சள் என்றால் ஊதாவோ லோட்டனோ, அப்போது மறுபடி அலகுதான். ஊதாப் பெட்டைக்குக் கண்ணுக்கு மேல் வெளிறிய புருவம் ஒன்று மெலிதாக ஓடும், லோட்டன் பெட்டைக்கு அது தெளிவாக இருக்காது.

சத்தத்துக்கு வந்தால், பூவைச் சுற்றும்போது எல்லாமே ‘சிட் சிட்’ என்றுதான் கத்தும், அதை வைத்துத் தீர்மானிக்காதே. ஆனால் வெயில் ஏறும் மாதங்களில் மொட்டைக் கிளை நுனியிலோ கம்பியிலோ உட்கார்ந்து ‘ச்சீவிட் ச்சீவிட் ச்சீவிட்’ என்று மூச்சுவிடாமல் வேகமாக அடுக்கினால் அது ஊதா ஆண். ஊதாப்பிட்டின் குரல் அதைவிடச் சன்னம், ‘ட்ஸீ’ என்று விட்டு விட்டு வரும், அவ்வளவு பலம் இருக்காது. ஃபோனில் பதிவு பண்ணி அனுப்பு, சேர்ந்து கேட்டுப் பார்ப்போம்.

அப்புறம், செம்பருத்தியை இப்போது கவ்வாத்து பண்ணாதே. கிளை நுனியில் சிலந்தி நூல், மரப்பட்டைத் துணுக்கு, புழு எச்சம் எல்லாம் ஒட்டி, குப்பை தொங்குவது போல் ஒன்று தெரிந்தால் அது கூடாக இருக்கும்.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு வா. 2015லிருந்து பொங்கல் சமயத்தில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, கால் மணி நேரம் நின்று பார்த்து எண்ணி ஈபேர்டில், அதாவது பறவைகளைப் பதிவு செய்யும் இணையதளத்தில், ஏற்றினால் போதும், எங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளலாம். டிக்கெட் போட்டதும் ஃபோன் பண்ணு, தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.