கிளட்ச் பிளேட்டை மாற்றும் முன் லிவரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மோட்டார் சைக்கிள்களைப் பராமரிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். செயின், பேட்டரி, டயர் பற்றிய பகுதிகளில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இன்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் கிளட்ச் ஸ்லிப் ஆனால், அதாவது வழுக்கினால், பிளேட் செட்டை மாற்றிவிட வேண்டும் என்று ஒரே வரியில் முடித்திருப்பது, அதை நம்பிக் கடைக்குப் போகும் வாசகருக்குப் பாதி வழியைத்தான் காட்டுகிறது. அந்தப் பாதி வழியில் இரண்டு முறை போய் வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என்னுடையது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய 100 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டி. ஓர் ஆடி மாதத்தில் காரைக்குடியிலிருந்து திருப்பத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தச் சாலையில் ஆடிக் காற்று மேற்கிலிருந்து நேராக நெஞ்சில் மோதும் என்பது இப்பக்கத்தாருக்குத் தெரியும். குன்றக்குடி தாண்டியதும் டாப் கியரில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் மட்டும் இரைந்தது. வண்டியோ இருந்த வேகத்திலேயே போயிற்று. மாலையில் காற்று முதுகுப் பக்கம் வர, திரும்பும் வழியில் கோளாறு இருந்த சுவடே தெரியவில்லை. கிளட்ச் வழுக்கல் அப்படித்தான் தொடங்கும். எதிர்க்காற்று, பின்னால் அமர்ந்திருக்கும் ஆள், பாலத்து மேடு என்று சுமை கூடும்போது, அதுவும் இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் முதலில் தலைகாட்டும். பட்டறை வாசலில் காலியாக ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்து, ‘நல்லாத்தானே இருக்கு’ என்று சொல்வதில் பொருளில்லை.

முதலில் பார்த்த மெக்கானிக், பிளேட் தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் புது செட் போட்டார். இரண்டே மாதத்தில் பழையபடி இரைச்சல். அடுத்து தேவகோட்டையில் நான் போய்ப் பார்த்த வயதான மெக்கானிக், ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் முதலில் ஸ்கேல் கேட்டார். கிளட்ச் லிவரின் நுனியில் ஸ்கேலை வைத்து விரலால் மெல்ல இழுத்தார். கேபிள் இறுகும் வரை லிவர் சும்மா நகர வேண்டிய தூரம் ஒன்று உண்டு. அதைத்தான் ‘ப்ளே’ என்கிறார்கள். என்னுடையதைப் போன்ற 100 சிசி வண்டிகளில் அது 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். என் வண்டியில் அது சுத்தமாக இல்லை.

குற்றவாளி நான்தான். எந்தப் பொருளும் தொளதொளவென்று ஆடுவது எனக்குப் பிடிக்காது. கதவுக் கொண்டியானாலும் சரி, கிளட்ச் லிவரானாலும் சரி. லிவர் சற்று ஆடினால் கேபிளை இறுக்கும் அட்ஜஸ்டரைத் திருகிவிடுவேன். புது பிளேட் போட்ட மறுநாளும் அதையே செய்தேன். முதல் மெக்கானிக்கின் தவறு அளந்து பார்க்காததும் கேட்காததும் மட்டுமே.

ப்ளே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். கிளட்சுக்குள் உராய்வு பிளேட்டும் ஸ்டீல் பிளேட்டும் மாறி மாறி அடுக்கப்பட்டு, ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சுழல்கின்றன. லிவரை இழுப்பது அந்த அழுத்தத்தை விலக்குவதற்காக. ப்ளே அற்றுப்போன வண்டியில் யாரும் இழுக்காமலேயே லிவர் கொஞ்சம் இழுபட்ட நிலையில் இருப்பதால், பற்று தளர்ந்து, பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சூடேறிக் கருகுகின்றன. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கேபிள் நீண்டால் ப்ளே கூடும். பிளேட் தேய்ந்தால் ப்ளே குறையும். ஆகவே யாரும் தொடாமலேயே ப்ளே குறைந்துகொண்டே வந்தால், அது பிளேட் தேய்வதற்கான அறிகுறி. ஹேண்டிலை இருபக்கமும் முழுக்கத் திருப்பியும் அளக்க வேண்டும். கேபிள் போகும் பாதை சரியில்லையென்றால் ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் அது இறுகும். லிவரை விட்ட பிறகும், கேபிளின் மறுமுனை இழுக்கும் இன்ஜின் பக்கத்து ஆர்ம் முழுதாகத் திரும்பாவிட்டால், கேபிள் உள்ளே துருப்பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம்.

நான் கருக்கிய பிளேட்டுகள் திண்ணையில் பழைய செய்தித்தாளின் மேல் கிடந்தன. ஸ்டீல் பிளேட்டுகளில் மயில் கழுத்து நிறம் ஏறியிருந்தது. எண்ணெயைத் துடைத்த பிறகும் தீய்ந்த வாடை போகவில்லை. ஆத்தங்குடிப் பூக்கல் என்னும் தரை ஓட்டைக் கண்ணாடியின் மேல்தான் வார்ப்பார்கள். அப்படிப்பட்ட கண்ணாடித் துண்டு ஒன்று வீட்டில் இருந்தது. அதன் மேல் ஸ்டீல் பிளேட்டை வைத்து ஒரு ஓரத்தை அழுத்தினேன். எதிர் ஓரம் தூக்கிக்கொண்டது. இப்படி நெளிந்த ஸ்டீல் பிளேட்டை அப்படியே விட்டுவிட்டு உராய்வு பிளேட்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு. உராய்வு பிளேட்டின் தடிமனை வெர்னியர் அளவுகோலால் அளந்தும், ஸ்பிரிங்கின் நீளத்தைப் பார்த்தும், பிளேட்டுகளைத் தாங்கும் பாஸ்கெட்டின் விரல்களில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று தடவியும், வண்டிக்குரிய சர்வீஸ் கையேட்டோடு ஒப்பிட்ட பிறகே எதை மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். புது உராய்வு பிளேட்டுகளை எண்ணெயில் ஊறவைத்துப் பூட்ட வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். பல நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்ஜின் எண்ணெயிலேயே கிளட்சும் நனைந்து சுழல்கிறது. காருக்கான எண்ணெய்கள் சிலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருக்கும். மீந்த கார் எண்ணெயை வண்டியில் ஊற்றினால் நல்ல பிளேட்டும் வழுக்கக்கூடும். இதற்காகவே 1998-இல் ஜப்பானியர் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கான ஜாசோ தரக்குறியீட்டைக் கொண்டுவந்தனர், டப்பாவில் எம்.ஏ. என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். நம் ஊர்களில் இன்றும் ஓடும் பழைய புல்லட்டுகளின் கதை வேறு. அவற்றில் கிளட்ச் தனி அறையில், தனி எண்ணெயில் இருக்கிறது. கிக்கரின் விசை கிளட்ச் வழியாகவே இன்ஜினுக்குப் போவதால், மிதிக்கும்போது கிக்கர் வழுக்கிக்கொண்டு இறங்கினால் அதுவே ஓர் எச்சரிக்கை.

வேறு கோளாறுகளையும் கிளட்ச் என்று எண்ணிவிடக் கூடாது. செயின் பல்லைத் தாண்டினால் வெட்டிவெட்டி இழுக்கும், சத்தமும் கேட்கும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், குறைந்திருந்தால் இன்ஜினும் சேர்ந்தே திணறும். இன்ஜின் துள்ளி, வண்டி துள்ளாவிட்டால்தான் கிளட்ச். ஆளில்லாத சமதரைச் சாலையில் டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சட்டென்று முறுக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிரேக்கை அழுத்திக்கொண்டு கியரில் கிளட்சை விட்டுச் சோதிப்பது பட்டறைகளில் வழக்கம். வழுக்கும் கிளட்சை அது மேலும் சுடவைக்கும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

தங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது இந்த ஸ்கேல் சமாச்சாரத்தை ஒரு பத்தியாகவாவது சேர்க்க வேண்டுகிறேன். கழற்றிய பிளேட்டுகளை வண்டிக்காரர் கையில் கொடுத்து, தேய்ந்த இடத்தைக் காட்டும் வழக்கத்தை மெக்கானிக்குகளும் கைக்கொள்ளலாம். என்னுடைய இரண்டு செட்டையும் நான் கேட்டு வாங்கி வந்தேன், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
நெடுநாள் வாசகன்,
பள்ளத்தூர்.