அந்த நாலு பேரையும் தூக்கிடாத மாப்ள

மாப்ள,

உன் ஹாக்கி டீம் வரிசையா தோக்குதுன்னு நாலு சீனியரையும் தூக்கப்போறதா நீ அனுப்புன மெசேஜ ராத்திரியே பாத்துட்டேன், பதில் டைப் பண்றது அழிக்கிறதுன்னு ஒரு மணி நேரம் போச்சு, இது ரெண்டு வரில முடியுற விஷயம் இல்ல அதான் லெட்டராவே எழுதுறேன். இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கு, ஆனா கோயிலுக்கு நடந்துதான் போவேன்னு அடம். சின்னவ பத்தாவது எழுதப்போறா, அதனால வீட்ல டிவி கட்.

டிவி இல்லங்கறதும் ஒரு காரணம், 2025 டிசம்பர் 10 அன்னைக்கு ஜூனியர் ஹாக்கி வேர்ல்ட் கப் வெண்கல மேட்ச்சுக்கு எழும்பூருக்கே நேர்ல போயிட்டேன். அர்ஜென்டினா 2-0 லீட். அதுக்கு முந்தி செமில ஜெர்மனிகிட்ட 5-1ன்னு வாங்கிட்டு வந்த நம்ம பசங்க வேற, கூட்டத்துல பாதி பேரு கெளம்பலாமான்னு பாத்துட்டு இருந்தாங்க. கடைசி குவார்ட்டர்ல நாலு கோல் மாப்ள, 4-2! எனக்கு தொண்டை கட்டிப்போச்சு. ஆனா நான் அதிக நேரம் பாத்தது பால இல்ல, ஓரத்துல நின்ன நம்ம கோச்ச, இந்தியா டீமோட பழைய கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ. அந்தாளு 2012ல எங்க இருந்தாருன்னு நெனச்சு பாத்தேன்.

லண்டன் ஒலிம்பிக்ஸ் ஞாபகம் இருக்கா, 12 டீம்ல நாம 12வது, ஆடுன 6 மேட்ச்சும் தோல்வி, பேப்பர்காரன் எல்லாம் இந்த டீமையே கலைங்கடான்னு எழுதுனான். அந்த டீம்ல ஸ்ரீஜேஷ் இருந்தாரு, சர்தார் சிங் இருந்தாரு, சின்னப் பையனா மன்பிரீத்தும் இருந்தாரு. அன்னைக்கு மூணு பேரையும் வீட்டுக்கு அனுப்பிருந்தா 2021 டோக்கியோ வெண்கலம் வந்திருக்குமா? எனக்கு தோணல.

நீ எழுதிருக்க, அஞ்சு மேட்ச் தோத்தாச்சு, பழைய ஆளுங்க நாலு பேரையும் தூக்கிட்டு முழுக்க சின்னப் பசங்கள வச்சே ஆடப்போறேன்னு. கேப்டன ஏற்கனவே மாத்திட்ட, அதுல எனக்கு ஒண்ணும் தப்பா தெரியல, அந்த சென்டர் ஹாஃப் பையன் நல்ல பையன். ஆனா பழைய கேப்டன அதோட கழட்டி விட்டுறாத. நம்ம இந்தியா டீம்ல எனக்கு ரொம்ப புடிச்சதே இதான் மாப்ள, யாரும் பெருசா பேச மாட்டேங்கறாங்க. 2016ல சர்தார்கிட்ட இருந்து கேப்டன் பதவிய எடுத்து ஸ்ரீஜேஷ்கிட்ட குடுத்தாங்க, சர்தார் அவருக்கு கீழ ரியோ ஒலிம்பிக்ஸ்ல ஆடுனாரு. டோக்கியோல மன்பிரீத் கேப்டன், ஸ்ரீஜேஷ் அவருக்கு கீழ. பாரிஸ்ல ஹர்மன்பிரீத் கேப்டன், பழைய கேப்டனுங்க ரெண்டு பேருமே அவருக்கு கீழ. பிரிட்டனோட குவார்ட்டர் ஃபைனல்ல 17வது நிமிஷத்துலயே நம்ம டிஃபெண்டர் ரோஹிதாஸ ரெட் கார்டு குடுத்து அனுப்பிட்டாங்க, அதுக்கப்புறம் மேட்ச் பூரா பத்து பேரு. மன்பிரீத் மிட்ஃபீல்டுல ஆடுறவரு, பின்னாடி எறங்கி டிஃபென்ஸ பாத்துக்கிட்டாரு, ஸ்ரீஜேஷ் கோல்ல நின்னு ஒவ்வொருத்தன் பேரா சொல்லி கத்திக்கிட்டே இருந்தாரு, 1-1ல தாங்கி ஷூட்-அவுட்ல ஜெயிச்சாங்க. அந்த மாதிரி நேரத்துல இருபது வயசுப் பையனுக்கு எங்க நிக்கணும்னு சொல்ல ஒரு குரல் வேணும்டா.

அப்புறம் 1998. பாங்காக் ஏசியன் கேம்ஸ்ல தங்கம், தன்ராஜ் பிள்ளை கேப்டன், நீயும் நானும் டீக்கடை டிவில பாத்தோம். வந்த கொஞ்ச நாள்லயே தன்ராஜும் இன்னும் சில சீனியருங்களும் டீம்ல இல்ல, ரெஸ்ட்னு காரணம் சொன்னாங்க. மேட்ச் ஃபீஸ் கேட்டதுக்குத்தான்னு ஊரே பேசுச்சு. அத நெனச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது.

சீனியர் இருந்தா மட்டும் போதும்னு நான் சொல்லல. 2023 வேர்ல்ட் கப் நம்ம நாட்டுலயே நடந்துச்சு, ஸ்ரீஜேஷ் மன்பிரீத் எல்லாம் இருந்தும் நியூசிலாந்துகிட்ட ஷூட்-அவுட்ல போச்சு. ஆனா 2025 ஜூன்ல ப்ரோ லீக்ங்கற இன்டர்நேஷனல் லீக்ல வரிசையா 7 தோல்வி, அதுல 6 ஒரே கோல் வித்தியாசம், அப்பவும் யாரும் டீம கூண்டோட தூக்கல, செப்டம்பர்ல பீகார் ராஜ்கிர்ல கொரியாவ 4-1 அடிச்சு ஆசியக் கோப்பை எடுத்துட்டு வந்தாங்க.

இன்னொண்ணு சொல்லணும், இத எழுதத்தான் ராத்திரி கை ஓடல. நாம ஒரே டீம்ல ஆடுனப்போ எங்கிட்ட இருந்து கேப்டன் பதவிய எடுத்து உனக்கு குடுத்தாங்கல்ல, அந்த சீசன் பூரா நான் உனக்கு பால் குடுக்கல. நீ லெஃப்ட்ல கைய தூக்கி கூப்புட கூப்புட பாக்காத மாதிரி ரைட்ல அடிச்சேன். ஜூனியர் பசங்க ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சானுங்க, அதுக்கும் நான்தான் காரணம். செமில தோத்து திரும்பி வரும்போது பஸ்ல நீ ஜன்னல் பக்கம் திரும்பி அழுத, நான் பின் சீட்ல தூங்குற மாதிரி கண்ண மூடிட்டு இருந்தேன். நீ ஒரு நாளும் கேக்கல, நானும் சொல்லல. மன்னிச்சுரு மாப்ள.

அன்னைக்கு நம்ம கோச் என்ன தனியா கூப்ட்டு உன் வேலை இனிமே இதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் மாறிருப்பேனோ என்னமோ. பதவிய வாங்கிட்டு சும்மா விட்டுட்டாரு. அதனாலதான் உன்கிட்ட கேக்குறேன், உன் பழைய கேப்டன் பையன் ஃபுல் பேக் தானே, பெனால்டி கார்னர் டிஃபென்ஸ அவன் பொறுப்புல விடு, யாரு எங்க நிக்கணும்னு அவனே முடிவு பண்ணட்டும், புது கேப்டன் முன்னாடி வச்சே அத சொல்லு. ஜூனியர் கோல்கீப்பர் பையனுக்கு தெனம் பத்து நிமிஷம் அடிச்சுக் குடுக்க சொல்லு. ரெண்டு மேட்ச் பாரு. அப்பவும் அவன் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா அப்போ உன் இஷ்டம்.

தங்கச்சிய கேட்டதா சொல்லு. பொங்கலுக்கு வரும்போது ஒரு நாள் முன்னாடியே வந்துரு, உன் பழைய ஸ்டிக் எங்க வீட்டு பரண்லதான் கெடக்கு, எடுத்து தொடச்சு வச்சிருக்கேன். காலைல க்ரவுண்டுக்கு போவோம். பால் உனக்குத்தான் குடுப்பேன்.