வாளியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவோம்

அன்பிற்குரிய நம் தமிழ்ச் சங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். ஜனவரிச் சுற்றுலாவுக்கு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலக் கடற்கரையில் நியூபோர்ட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அறிவிப்பின் கடைசி வரியைப் படித்ததும் கை துறுதுறுத்தது: "அகேட் கல் பொறுக்கும் போட்டி. ஆளுக்கு ஒரு வாளி தரப்படும். எடை அதிகமுள்ள வாளிக்குப் பரிசு." அகேட் என்பது ஒளி ஊடுருவும் ஒரு சிறு மணிக்கல். இந்த எடைப் போட்டியைக் கைவிடச் சொல்லி ஊரறிய எழுதுகிறேன்; கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் வாளிக் கணக்கு. நீங்கள் வாங்கி அடுக்கியிருப்பவை ஐந்து கேலன் வாளிகள். மாநிலப் பூங்காத் துறை விதிப்படி ஒருவர் ஒரு நாளில் எடுக்கலாகும் கல் ஒரு கேலன். ஆண்டு முழுவதற்கும் மூன்று கேலன். அதுவும் சொந்த ஆசைக்கு மட்டும், விற்பனைக்குக் கூடாது. நம் வாளியை நிரப்பும் பிள்ளை ஒரே பிற்பகலில் ஆண்டுக் கணக்கையே தாண்டிவிடும். அந்தப் பிள்ளையை மேடையேற்றிக் கைதட்டிப் படமும் பிடிப்போம். அருகிலிருக்கும் பாதுகாக்கப்பட்ட இடமான யக்வினா முனைக்குள் போனால் ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக்கூடாது. அங்கே உருண்டைக் கற்களின் மேல் அலை வந்து திரும்பும்போது எழும் கலகலப்பைக் கேட்டுவிட்டு வருவதற்கே தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

விதியைவிட என்னைக் கவலைப்படுத்துவது கடல். குளிர்காலப் புயல்கள் மணலை வாரிக்கொண்டு போனபின்தான் அடியில் கிடக்கும் சரளைப் படுகை வெளியே தெரியும். அகேட் அதில்தான் இருக்கிறது. அதனால் கல் கிடைக்கும் மாதங்களும் கடல் மூர்க்கமாக இருக்கும் மாதங்களும் ஒன்றே. இங்கே 'ஸ்னீக்கர் வேவ்', அதாவது கள்ளத்தனமாக வரும் அலை, என்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் சாதுவாக வந்துபோன அலைகளுக்கு நடுவே ஒன்று மட்டும், முன்னவை எட்டாத தூரத்துக்குக் கரையேறி வரும். குமரி மாவட்டத்தில் கள்ளக்கடல் என்று சொல்வது வேறு நிகழ்வு. ஆனாலும் பெயர் வைத்தவர்களின் மனம் ஒன்றுதான் போலும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பெருமரங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். சில அங்குலத் தண்ணீர் போதும், டன் கணக்கில் எடையுள்ள கட்டை உருளத் தொடங்கிவிடும்.

இங்கு வந்த முதல் குளிர்காலத்தில் நானும் குனிந்த தலை நிமிராமல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மகனுக்கு அப்போது ஏழு வயது. தண்ணீர் என் முழங்காலுக்கு வந்தபின்தான் தெரிந்தது. அவனுக்கு அது இடுப்பு. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். போனது ஒரு செருப்பும் அரைப் பை கல்லும். அந்தக் கற்களில் பாதி வெறும் பாறைத் துண்டுகள்தான் என்பது இன்று நினைத்தாலும் சிரிப்பை வரவழைக்கிறது. கல் பொறுக்குபவருக்குக் கண் தரையில், முதுகு கடலுக்கு. இதோடு எடைப் பரிசும் சேர்ந்தால் எந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்?

எடைக்கும் அகேட்டுக்கும் பொருத்தமும் இல்லை. எரிமலைக் குழம்பு ஆறும்போது உண்டான குமிழிப் பொந்துகளில் சிலிக்கா கரைந்த நீர் கசிந்து, படலம் படலமாகப் படிந்து உருவான கல் அது. சுற்றியிருந்த பாறை தேய்ந்து போக, கடினமான இது மிஞ்சியிருக்கிறது. பெரும்பாலும் சுண்டு விரல் நகமளவுதான் கிடைக்கும். ஈரத்தில் எல்லாக் கல்லும் மினுக்கும். தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டினால் ஒளி உள்ளே புகுந்து நிற்பதுதான் அகேட். பிற்பகலில் தெற்கு நோக்கி, சாய்ந்த வெயிலுக்கு எதிராக நடந்தால் சரளைக்கு நடுவே விளக்கேற்றியதுபோல் தானே தெரியும். சிவப்பாகக் கிடைத்தால் அது சூதுபவளம். பழங்காலக் கொடுமணலில் மணி செய்தவர்கள் பட்டை தீட்டித் துளையிட்ட அதே கல். கீழடி அகழாய்வுக் குழிகளிலும் அகேட், சூதுபவளம் என இரண்டு வகை மணிகளும் கிடைத்திருக்கின்றன. பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் பாட்டுக்குப் பாட்டு நடத்துவதற்கு இடையில், இதைப் பத்து நிமிடம் பிள்ளைகளுக்குச் சொல்லலாமே.

ஆகவே என் வேண்டுகோள்: வாளிக்குப் பதில் சட்டைப்பை. ஒவ்வொருவரும் கடைசியில் ஒரே ஒரு கல்லை வைத்துக்கொண்டு, ஏன் அதைத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்லட்டும். பரிசை அதற்குக் கொடுங்கள். புறப்படும் நேரத்தை, கடல் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்துக் குறியுங்கள். குளிர்காலத்தில் கடல் மிகவும் உள்வாங்குவது பெரும்பாலும் மாலையிலும் இருட்டிய பிறகும்தான். அதற்காக இருட்டும்வரை நிற்க வேண்டாம். புயல் எச்சரிக்கை இருந்தால் அந்த வாரமே வேண்டாம், இட்லியைச் சங்கக் கூடத்திலேயே சாப்பிடுவோம். முக்கியமாக, இரண்டு பெரியவர்கள் எந்நேரமும் கல்லைப் பார்க்காமல் கடலைப் பார்த்து நிற்க வேண்டும், கையில் விசிலோடு. அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறலாம்.

முதல் அரை மணிக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். விசில் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
சங்கத்தின் பழைய உறுப்பினர் ஒருவர்